நடுக்கட்டத்தில் யார்?

1

பிரசவத்துக்கு முன்பதிவு செய்யப் போனபோது மருத்துவமனையில் கொடுத்த காகிதக் கட்டில் ஒரு படிவம் இருந்தது. குழந்தையின் பெயருக்கு மூன்று கட்டங்கள். ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம். பையன் என்று இருபதாவது வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் முதல் கட்டத்துக்குப் பெயர் தயார். அதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. மற்ற இரண்டு கட்டங்கள்தான் நியூஜெர்சியிலிருந்து விருதுநகர் வரை எல்லாரையும் பேச வைத்தன.

என் பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான். அப்படி இருக்கிறவர்களுடைய அமெரிக்க விசாவில் முதல் பெயர் என்கிற இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடித்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். வந்த புதிதில் பல் டாக்டரின் வரவேற்பறையில் "ஃப்னு... ஃப்னு?" என்று ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது நான்தான் என்று புரிய எனக்கு மூன்று நிமிடம் ஆனது. ஊரில் என் பெயருக்கு முன்னால் 'மு.' என்று ஒரு எழுத்து உண்டு. அப்பாவின் பெயர் அது. விமானம் ஏறும்போது அந்த எழுத்து கீழே விழுந்துவிட்டது.

அதனால் பையனுக்காவது மூன்று கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பிவிட வேண்டும் என்று இருந்தது. டல்லாஸில் இருக்கும் மாமா போனில் தெளிவாகச் சொன்னார். "மாப்ள, லாஸ்ட் நேம்ல நம்ம குடும்பப் பேரப் போட்டுரு. இங்க எல்லாரும் அதத்தான் பண்றாங்க." குடும்பப் பெயர் என்று அவர் சொன்னது எங்கள் சாதியின் பெயர். அம்மா, "ரெண்டு தாத்தா பேரும் வர்ற மாதிரி வைங்கப்பா" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆறு வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம், கல்லூரியில் படித்த 'தி நேம்சேக்' நாவலை மறுபடி எடுத்ததுதான். ஆண் குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்த நவீன நாவல் என்றால் அதுதானே. ஜும்பா லாஹிரி 2003இல் எழுதியது, 2006இல் மீரா நாயர் படமாக எடுத்தது. முதல் வாசிப்பில் அது அமெரிக்காவில் வளரும் பையனின் அடையாளச் சிக்கல் என்றுதான் எனக்குத் தோன்றியது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பின்னட்டையும் அப்படித்தான் சொல்கிறது. இந்த முறை படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. நாவல் முழுக்க முதல் கட்டத்தையே முறைத்துப் பார்க்கிறது. ஆனால் அதன் உயிர் நடுக்கட்டத்தில் இருக்கிறது. அதன் பெரிய மௌனம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

2

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1968. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அசோக், அஷிமா கங்குலி தம்பதிக்கு மகன் பிறக்கிறான். பெயரை அஷிமாவின் பாட்டி வைக்க வேண்டும். அவர் கல்கத்தாவிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் வந்து சேரவே இல்லை. அந்தப் பெயர் என்ன என்று பாட்டியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெயர் இல்லாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியுலகத்துக்கு ஒரு பெயர். தாக்நாம், பாலோநாம் என்பார்கள். சரி, இப்போதைக்கு வீட்டுப் பெயர் ஒன்றை எழுதிக் கொடுப்போம் என்று அசோக் 'கோகோல்' என்று எழுதுகிறார்.

ஏன் கோகோல்? 1961இல் அசோக் போன ரயில் இரவில் தடம் புரண்டது. அப்போது அவர் வாசித்துக்கொண்டிருந்தது நிகோலாய் கோகோலின் 'ஓவர்கோட்' கதை. இடிபாடுகளில் கிடந்தவரின் கையிலிருந்து அந்தப் புத்தகத்தின் கசங்கிய தாள் ஒன்று விழுந்தது. தேடி வந்தவர்களின் விளக்கு வெளிச்சம் அதில் பட்டதால்தான் அவர் உயிர் பிழைத்தார். ஆக, மகனுக்கு வைத்த பெயர் அப்பாவின் இரண்டாவது பிறப்பின் பெயர். மகனுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இது இந்தியப் பெயரும் இல்லை, அமெரிக்கப் பெயரும் இல்லை, முதல் பெயராக யாருமே வைக்காத ஒரு ரஷ்ய ஆளின் குடும்பப் பெயர் என்பதுதான். பதினெட்டு வயதில் நீதிமன்றம் போய் நிகில் என்று மாற்றிக்கொள்கிறான்.

மருத்துவமனைக் காட்சியில் சின்னதாக ஒரு இடம் வரும். பிறப்புச் சான்றிதழ் தயாரிக்கும் ஊழியர், பெயர் தோன்றவில்லை என்றால் உங்கள் பெயரையே வையுங்கள், தாத்தா பெயரை வையுங்கள், ராஜாக்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று யோசனை சொல்கிறார். அசோக்குக்கும் அஷிமாவுக்கும் அது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். வங்காளக் குடும்பத்தில் ஒருவர் பெயரை இன்னொருவருக்கு வைப்பதில்லை, பெயர் அவரவருக்கே உரியது என்று நாவல் விளக்குகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். நமக்குத் தலைகீழ். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். உறவுமுறைச் சொல்லே பெயரிடும் முறையைச் சொல்கிறது. ஆனால் நம் வீடுகளிலும் அந்தப் பெயரை அப்படியே சத்தமாகக் கூப்பிட முடியாது. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லி மருமகள் எப்படிப் பிள்ளையை அதட்டுவாள்? அதனால் பெரியவன், ராசா, தம்பி, அப்பு என்று ஒரு பட்டியல். எழுதுவதற்கு ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர் என்று நாமும்தான் வைத்திருந்தோம். வங்காளிகள் அதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், நமக்குப் பழக்கம் மட்டும் இருந்தது.

இதில் எழுத்தாளரின் சொந்தக் கதையும் சேரும். ஜும்பா என்பது வீட்டுப் பெயர். முழுப் பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா லாஹிரி. மழலையர் பள்ளி டீச்சருக்கு அதில் சொல்ல எளிதாக இருந்தது ஜும்பா, அப்படியே நிலைத்துவிட்டது. புத்தக அட்டையில் இருக்கிற பெயரே ஒரு வகுப்பறை சௌகரியத்தால் வந்ததுதான். அதனால்தானோ என்னவோ, அவர் நாவலின் கவனம் முழுக்கக் கூப்பிடும் பெயரின் மேல் இருக்கிறது.

3

நாவலுக்குள் இருக்கும் கதைக்குப் போவோம். 1842இல் வெளியான 'ஓவர்கோட்' ஒரு பெயரிடும் காட்சியோடுதான் ஆரம்பிக்கிறது. பிறந்த பையனுக்குத் தேவாலய நாட்காட்டியிலிருந்து பெயர் தேடுகிறார்கள். மோக்கி, சோஸ்ஸி, ஹோஸ்தாஸாத் என்று மூன்று வருகின்றன. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் புரட்டினால் திரிஃபிலி, தூலா, வராஹாஸி. அதுவும் வேண்டாம். இன்னொரு பக்கம் அதைவிட மோசம். கடைசியில் அந்த அம்மா சலித்துப் போய், இதுதான் இவன் விதி போல, அப்பா பெயர் அகாகி, பிள்ளையும் அகாகியாகவே இருக்கட்டும் என்று முடிக்கிறாள். இப்படித்தான் அகாகி அகாகியேவிச் வந்தான். அகாகியின் மகன் அகாகி.

ரஷ்யாவில் நடுப்பெயர் நம் விருப்பத்துக்கு வருவதில்லை. அப்பாவின் பெயரோடு ஒரு விகுதி சேர்த்தால் அதுதான் நடுப்பெயர். அதைச் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. அலுவலகத்தில், கடையில், கடிதத்தில் ஒருவரைக் கூப்பிடும்போதெல்லாம் அவருடைய அப்பாவும் கூடவே கூப்பிடப்படுகிறார். கோகோலே நிகோலாய் வசீலியேவிச், அதாவது வசீலியின் மகன். ஆனால் அகாகியின் விஷயத்தில் கோகோல் கொடூரமாக விளையாடுகிறார். முதல் பெயரும் அப்பா, நடுப்பெயரும் அப்பா. அந்த மனிதனுக்கென்று ஒன்றுமில்லை. மூன்றாவது பெயரான பஷ்மாச்கின் கூடச் செருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்தே அவன் நகல். வாழ்நாள் முழுக்க அவன் செய்த வேலையும் நகல் எடுப்பதுதான். அந்த அம்மா பாசத்தில் அப்பா பெயரை வைக்கவில்லை. வேறு வழி தோன்றாமல் வைத்தாள். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

'நேம்சேக்' பற்றிய பேச்சுகளில் ஓவர்கோட் என்றால் ரயில் விபத்து, கசங்கிய தாள் என்று நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பெயரிடும் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. அசோக் தன் பெயரை மகனுக்கு வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. ஆனால் தன் வாழ்க்கையிலேயே மிக அந்தரங்கமான இரவை வைத்துவிட்டார். கோகோல் கங்குலி என்பது உண்மையில் ஒரு நடுப்பெயர். அப்பா யார் என்று சொல்லும் பெயர். அது தவறுதலாக முதல் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. பையன் அதைத் தன் பெயராக நினைத்து வெறுத்தான். அது அப்பாவின் பெயர் என்று யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வெறுத்திருப்பானா?

பதினான்காவது பிறந்தநாளில் அசோக் மகனுக்குக் கோகோலின் கதைத் தொகுப்பைப் பரிசாகக் கொடுக்கிறார். ரயில் விபத்தைச் சொல்ல வருகிறார், அறையில் பீட்டில்ஸ் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பையனுக்கு அதில் நாட்டமில்லை, அவர் சொல்லாமலே எழுந்து போகிறார். நாவலிலேயே என்னை மிகவும் பாதித்த காட்சி இது. பெயர் மாற்றிய பிறகு ஒருநாள் காரில் வைத்துச் சொல்கிறார், அப்போது காலம் கடந்துவிட்டது. பெயருக்குள் ஒரு கதை இருந்தால் அதைப் பெயரோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் கதையை அலமாரியில் பூட்டி வைத்தால் பிள்ளை கையில் இருப்பது வெறும் சத்தம்தான்.

இப்போது நம்முடைய இனிஷியல். ரஷ்யர்கள் அப்பாவை நடுவில் வைத்து முழுதாகச் சொல்கிறார்கள். குஜராத்திகள், மராத்தியர்களும் நடுவில்தான் வைக்கிறார்கள். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியில் கரம்சந்த் அப்பா. 'நேம்சேக்' படத்தில் கோகோலாக நடித்த கல் பென்னின் பிறப்புப் பெயர் கல்பென் சுரேஷ் மோடி, அதிலும் நடுவில் அப்பாதான். நாம் அப்பாவை முன்னால் வைக்கிறோம், ஆனால் ஒற்றை எழுத்தாக. பெருமையான இடம், இருப்பதோ ஓரெழுத்து. ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ரெண்டு கார்த்திக் இருந்தால்தான் 'மு. கார்த்திக்கா, செ. கார்த்திக்கா' என்று அப்பாக்களுக்கு வேலை வரும்.

அமெரிக்காவில் ஒரு இனிஷியல் கதை உண்டு. முன்னாள் ஜனாதிபதி ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எதன் சுருக்கமும் கிடையாது. ஒரு தாத்தாவின் பெயரில் ஷிப் என்று வரும், இன்னொரு தாத்தா சாலமன். யாருக்கும் மனம் கோணாமல் இருக்க வெறும் 'எஸ்' மட்டும் வைத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

4

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். மாமா சொன்னதுதான் என்னை நாவலோடு சண்டை போட வைத்தது.

கங்குலி என்பது என்ன பெயர்? நாவலில் கோகோல் சிறுவனாக இருக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு கல்லறைக்கு அழைத்துப் போகிறார்கள். கல்லறைக் கற்களில் தங்கள் குடும்பப் பெயர்களைத் தேடச் சொல்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். கங்குலி என்பது கங்கோபாத்யாய் என்ற பெயரை ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்றபடி சுருக்கியது என்ற தகவலும் நாவலில் வருகிறது. இன்னொரு இடத்தில், வீட்டுத் தபால் பெட்டியில் இருந்த கங்குலி என்ற எழுத்துகளை யாரோ சிதைத்து 'கேங்க்ரீன்' என்று, அழுகல் நோயின் பெயராக மாற்றிவிடுகிறார்கள். பையனுக்கு வலிக்கிறது, அப்பா பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆக, ஆங்கிலேயர் அந்தப் பெயருக்குச் செய்ததை நாவல் பார்க்கிறது. அமெரிக்கத் தெருப் பையன்கள் செய்வதையும் பார்க்கிறது. கங்கோபாத்யாய் என்பது ஒரு பிராமணக் குடும்பப் பெயர் என்பதை மட்டும் பேசுவதில்லை. கோகோலா நிகிலா என்று முப்பது வருடம் தவிக்கிறவன் கங்குலியைப் பற்றி ஒருநாளும் தவிக்கவில்லை. முதல் பெயர் ஆடிக்கொண்டே இருப்பதற்குக் கடைசிப் பெயர் ஆடாமல் நிற்பதும் ஒரு காரணம். எவ்வளவு தொலைந்தாலும் அவனுக்குத் திரும்பிப் போக ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, அது இல்லாதவர்கள் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு ஏற்படவில்லை.

லாஹிரி ஏன் இதை எழுதவில்லை என்று அவரிடம் கணக்குக் கேட்க நான் வரவில்லை. அவர் எழுதிய உலகத்துக்கு அவர் உண்மையாக இருக்கிறார். அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியிருக்க மாட்டார்கள், அதனால் நாவலிலும் பேசவில்லை. என் புகார் நம் வாசிப்பின் மேல்தான். தமிழில் வாசித்த நமக்காவது அது உறுத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கட்டம் நமக்குத்தான் காலியாக இருக்கிறது. தானாகக் காலியாகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. அதில் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கிறது, அவருடைய அப்பாவின் பெயருக்குப் பின்னாலும் இருக்கிறது. என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இல்லை. ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பெரிய கொள்கைவாதி என்றெல்லாம் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு வந்தால் சாதி பார்க்கிற வீடுதான் எங்கள் வீடும். ஆனால் அவர் சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையில் சாதி கிடையாது. பஸ்ஸில் ஏறியதும் நெஞ்சைப் பார்த்து யாரும் எடைபோட முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்திரபாண்டியனே தன் பட்டத்தை விட்டவர். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டியது. சாதி போகவில்லை. பெயர்ப்பலகையிலிருந்தாவது போயிற்று.

இப்போது நியூஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரிப் படிவம் வந்து லாஸ்ட் நேம் என்ன என்று கேட்டதும் அந்த வாலை மறுபடி ஒட்டுவதா? மாமா கெட்டவர் இல்லை. அவருக்கு அது சௌகரியம். பசங்களுக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே லாஸ்ட் நேம் இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வராது, ஸ்கூலில் கேள்வி வராது. அது உண்மைதான், அந்தத் தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் என் தாத்தா காலத்தில் அது ஊரில் மேலே கீழே என்று நிறுத்தி வைத்த சொல். இங்கே வெறும் 'ஃபேமிலி நேம்' ஆகிவிடுகிறது. அடுத்த தலைமுறை அதை அர்த்தமே தெரியாமல் பெருமையாகச் சொல்லும். கோகோல் கங்குலி சொன்ன மாதிரி.

அதனால் கடைசிக் கட்டத்தில் என் பெயரைப் போடுவது என்று முடிவு செய்தோம். இங்கே இருக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் செய்வதுதான். இனிஷியலை விரித்துப் பின்னால் கொண்டு போய் வைக்கிற வேலை. மாமாவிடம் சொன்னேன். "ஒம் பிரியம்" என்று வைத்துவிட்டார்.

5

அப்போதுதான் மனைவி பேசினாள். சமையலறையில் நின்றுகொண்டு, திரும்பாமல். "சரி, உன் பேரு லாஸ்ட்ல போயிருச்சு. அவனுக்குன்னு ஒரு பேரு ஃபர்ஸ்ட்ல இருக்கு. பத்து மாசம் நான் எங்கடா இருந்தேன்?"

என்னிடம் பதில் இல்லை. ரஷ்யர், குஜராத்தி, தமிழர் என்று நான் இவ்வளவு நேரம் அடுக்கியதில் எல்லாமே அப்பாக்கள். நடுவில் வைத்தாலும் முன்னால் வைத்தாலும் அப்பா. 'ஓவர்கோட்'டில் பெயரைத் தேர்ந்தெடுப்பது அம்மா, வைப்பது அப்பா பெயர். 'நேம்சேக்'கில் பெயர் வைக்க வேண்டியவர் அம்மாவழிப் பாட்டி, அவர் கடிதம் தொலைந்து போகிறது, அந்த இடத்தில் அப்பாவின் ரயில் கதை வந்து உட்கார்கிறது. இதை நான் கல்லூரியில் கவனிக்கவில்லை. பாட்டி வைக்க நினைத்த பெயர் என்ன என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. அதைத் தேடும் ஆளும் நாவலில் இல்லை. ஒரு பெண் யோசித்து வைத்த பெயர் கடலுக்கு மேலே எங்கோ தொலைந்ததால்தான் இந்த நாவலே நடக்கிறது.

நடுக்கட்டத்தில் அவள் பெயரைப் போடலாம் என்றேன். "பையனுக்குப் பொம்பளப் பேரா?" என்று அம்மா ஆரம்பித்தாள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ரைனர் மரியா ரில்கே. கத்தோலிக்க ஐரோப்பாவில் ஆண்களுக்கு நடுவில் மரியா வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அது மாதாவின் பெயர். நான் தேடியது வேறு. அது எரிக் மரியா ரெமார்க்கிடம் கிடைத்தது.

'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' நாவலை எழுதிய ரெமார்க்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் எரிக் பால் ரெமார்க். அம்மா பெயர் அன்னா மரியா. 1917இல் இவர் முதல் உலகப் போரில் காயம்பட்டார், அதே வருடம் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பிற்பாடு அவர் தன் நடுப்பெயரான பாலை எடுத்துவிட்டு, அம்மாவின் நினைவாக மரியாவை வைத்துக்கொண்டார். நாவல் புத்தகமாக வந்தது 1929இல், செங்கல்பட்டு மாநாடு நடந்த அதே வருடம். நாவலின் நாயகன் பெயர் தெரியுமில்லையா? பால் போய்மர்.

நாவலில் பால் விடுமுறையில் வீட்டுக்கு வருகிறான். அம்மா புற்றுநோயில் படுத்திருக்கிறார். போர்முனை எப்படி என்று அம்மா கேட்கிறார், அவன் பொய் சொல்கிறான். கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா அவன் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார். அவன் தூங்குவது மாதிரி கிடக்கிறான். லீவுக்கே வந்திருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றுகிறது. கடைசியில் பால் சாகிறான். எழுதியவர் பிழைத்திருக்கிறார், நடுவில் அம்மாவின் பெயரோடு.

நான் இதை இப்படி வாசிக்கிறேன். ரெமார்க் தன் பெயரின் நடுவிலிருந்து ஒரு பையனை வெளியே எடுத்து, அவனைப் போருக்கு அனுப்பிச் சாகவிட்டார். காலியான இடத்தில் அம்மாவை உட்காரவைத்தார். பால் என்பது அவர் அங்கேயே விட்டுவந்த ஆள். இது ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்கிற விளக்கமா என்பது எனக்கு முக்கியமில்லை. அட்டையில் இருக்கும் பெயரையும் உள்ளே இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அகாகியின் அம்மா வேறு வழியில்லாமல் நடுவை நிரப்பினாள். அசோக் தெரியாமல் தவறான கட்டத்தில் எழுதினார். ரெமார்க் ஒருவர்தான், நான் வாசித்தவரையில், வளர்ந்த பிறகு யோசித்து நடுவில் யார் இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்தவர்.

6

'நேம்சேக்'கில் பிற்பகுதியில் ஒரு டின்னர் பார்ட்டி வரும். நண்பர்கள் கூட்டத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள், எல்லாரும் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நிகிலின் மனைவி மௌஷுமி, இவர் பெயரே நிகில் இல்லை, முன்னால் வேறு பெயர் என்று போட்டு உடைத்துவிடுகிறாள். அவன் எரிச்சலில் ஒரு யோசனை சொல்கிறான். சரியான பெயர் என்று ஒன்று கிடையாது, பதினெட்டு வயதில் அவரவரே பெயர் வைத்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் அவன், அவள் என்று கூப்பிட்டால் போதும். பார்ட்டியில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் படிவத்தில் அப்படி எழுத முடியாது. எழுத முடிந்தாலும், யாருமே எதுவுமே கொடுக்காத ஒரு பிள்ளை பதினெட்டு வயதில் எதை மறுத்துத் தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பான்? நிகில் ஆவதற்குக் கோகோல் வேண்டியிருந்தது. மரியாவை வைக்க ஒரு பால் இருக்க வேண்டியிருந்தது.

படிவத்தை நிரப்பிவிட்டோம். முதலில் அவன் பெயர், நடுவில் அவன் அம்மா பெயர், கடைசியில் என் பெயர். பெயர்களை இங்கே எழுதவில்லை. அவனிடம் கேட்காமல் இணையத்தில் போட வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். சாதிப் பெயர் வைக்கவில்லை என்றதும், "அது எதுக்கு" என்றார், அவ்வளவுதான். நடுவில் அம்மா பெயர் என்றதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அப்ப எம் பேரு எங்கனப்பா வருது?"

"உங்க பேரு என் இனிஷியல்ல இருக்குல்லப்பா."

"அதுல ஓரெழுத்துதான இருக்கு." அப்புறம் அவரே, "சரி விடு, கொழந்த நல்லா இருக்கட்டும்" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துவைத்த வாதம் எதிலும் இதற்குப் பதில் இல்லை. சாதியை வெளியே நிறுத்தினேன், அம்மாவை உள்ளே கொண்டுவந்தேன், இரண்டும் சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மூன்று கட்டத்தில் நான்கு பேரை உட்காரவைக்க முடியாது. பேரன் என்ற சொல்லுக்குக் காரணமான பெயர் எங்கள் வீட்டில் இந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது. 'மு.' என்கிற எழுத்து என்னோடு எஃப்.என்.யு.வாக மாறி, என் பையனிடம் வரும்போது இல்லாமலே போய்விட்டது.

அசோக் கங்குலி செய்யத் தவறியதைச் செய்யலாம் என்றுதான் இதை எழுதினேன். பதினான்கு வயதில் பையன் ஏதோ பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. பாட்டை நிறுத்தச் சொல்லி, உன் பெயரில் வராத ஒருவர் இருக்கிறார், டிக்கெட் பரிசோதகர், சட்டையில் ஒரு இனிஷியலும் ஒரு பெயரும் மட்டும் குத்தியிருந்தவர் என்று ஆரம்பிக்க வேண்டும்.

வீடியோ காலில் அப்பா அவனை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏலே பேராண்டி" என்கிறார். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.